கடைமடையின் பதில் வரும்வரை

புது மதகுக்குப் பூப்போட்டுப் பூட்டைத் திறந்து, இந்தப் பந்தலுக்குத் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் ஆலவயல் பாசனதாரர் சங்கத் தலைவர், என் மூத்த மகளின் கல்யாண நாளிலிருந்து நான் முகம் கொடுத்துப் பேசாத மேலமடை இராஜாங்கம் அவர்களே. வாய்க்கால் வெட்டிக் கை காய்த்துப்போன பெரியவர்களே. நடவு நட்டு முதுகு வளைந்துபோன தாய்மார்களே. கூத்தாநல்லூரில் அறுவடை இயந்திரத்தை நிறுத்திவிட்டு நமக்காக வந்திருக்கும் அப்துல் வஹாப் தம்பி அவர்களே. முன்னால் இடமிருந்தும் பந்தலின் கடைசிக் கால்களுக்குப் பக்கத்திலேயே நிற்கும் கடைமடை மக்களே. சிங்கப்பூரிலும் குவைத்திலும் உட்கார்ந்து கைப்பேசி வழியாக இந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் பிள்ளைகளே. உங்கள் அனைவருக்கும் நடுமடைக் கண்ணாத்தாளின் கைகூப்பு.

சிரிக்கிறீர்கள். தலைவரும் சிரிக்கிறார், சிரிக்கட்டும். என் மகளுக்குத் தாலி ஏறுகிற நேரத்தில், தன் கட்சிக் கொடி பறக்கிற மரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிப் பாட்டுப் போடுகிறார்கள் என்று ஆள் விட்டு ரேடியோ செட்டின் வயரை அறுக்கச் சொன்னவர் அவர். நாதஸ்வரம் பாதியில் நின்றது. கெட்டிமேளம் கேட்காமல் என் மகள் கழுத்தில் தாலி ஏறியது. அதை நான் மறந்திருப்பேன் என்று இந்தப் பந்தலில் யாராவது நினைத்தால், அவர் இந்த ஊருக்குப் புதியவர்.

ஆகவே அன்பர்களே, பகையை மறப்போம், பாசத்தை வளர்ப்போம் என்று பாட்டுப் பாட நான் இங்கே ஏறவில்லை. பகையை வைத்துக்கொண்டே பண்போடு வாழ்வது எப்படி? கோபத்தைக் கொட்டினாலும் அது எதிராளியின் காதோடு நிற்க, அவன் குழந்தையின் கஞ்சியில் விழாமல் இருக்க, என்ன செய்ய வேண்டும்? அதைப் பேசத்தான் ஏறியிருக்கிறேன். படிப்பு எனக்கு ஐந்தாவதோடு நின்றுவிட்டது. பேச்சு நிற்கவில்லை. கூலிச் சங்கத்தின் கூட்டங்களில் தரையில் உட்கார்ந்து, மேடையைப் பார்த்துப் பார்த்துக் கற்ற பேச்சு இது. குற்றம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். குறுக்கே கேட்க நினைத்தால் கேளுங்கள்.

இன்றைக்கு நாம் மதகைத் திறந்துவிட்டோம். ஆனால் வருகிற முகூர்த்தத்தில் நம் வாய்க்காலின் கடைசி வயல் கைமாறப் போகிறது. உங்களில் பலருக்குத் தெரியும்; தெரியாதது போல உட்கார்ந்திருக்கிறீர்கள். என் தோழி செபஸ்தியம்மாளின் மருமகள் பிரின்ஸி, குவைத்தில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் கிளாட்சனின் மனைவி, அந்த வயலை விற்கிறாள். மனை போட்டு விற்கும் வெளியூர் ஆளோடு பேச்சு முடிந்துவிட்டது. கல் நட வேண்டியதுதான் பாக்கி.

தண்ணீர் போதாமல் விற்கிறாளா? இல்லை. தளர்ந்துபோய் விற்கிறாளா? வரப்பு வெட்டவும் உரம் வீசவும் ஆளைத் தேடாமல் தானே இறங்கியவள் அவள். கணவன் கூப்பிட்டு விற்கிறாளா? கிளாட்சனே வேண்டாம் என்கிறான். பிறகு எதனால் விற்கிறாள்? ஒரு கைப்பேசிச் சண்டையால் விற்கிறாள், பெரியோர்களே. அந்தச் சண்டையை நம்மில் பாதிப்பேர் போட்டோம். மீதிப்பேர் விரலை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தோம்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். தவறாகச் சொன்னால் நிறுத்துங்கள். என் ஞாபகத்தை நிறுத்துவது கொஞ்சம் சிரமம்.

‘ஆலவயல் தண்ணீர்’ என்று நமக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறதே, அதை ஆரம்பித்தவன் யார்? தலைவரின் மகன் நெடுமாறன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறவன். ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற காலத்தில், நம் முறை எப்போது வருகிறது, மதகு எப்போது மூடுகிறது என்று ஊர் முழுக்க ஆள் அனுப்பிக்கொண்டிருந்தோம். அங்கே உட்கார்ந்துகொண்டு நமக்கு இந்த வழியைச் செய்து கொடுத்தான் அந்தப் பிள்ளை. நல்ல காரியம். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும், அதுதான் நியாயம்.

எழுதத் தெரியாதவர்கள் குரலைப் பதிந்து அனுப்பினோம். “தண்ணி மதகுக்கு வந்துருச்சு, வாமடையத் திறந்துக்குங்க.” “எங்க வரப்புல நண்டு பொத்துடுச்சு, யாராச்சும் மம்பட்டியோட வாங்க.” எவ்வளவு அழகாக இருந்தது. வயலில் நின்றுகொண்டு குவைத்துக்காரனைக் கேலி பேசினோம். அவன் அங்கிருந்து நம் பயிரைப் பார்த்து, “என்ன ஆத்தா, மஞ்சளடிச்சுக் கெடக்கு, யூரியாவ ஒளிச்சு வெச்சிருக்கியா?” என்று கேட்டான்.

பிறகு தேர்தல் வந்தது. தேர்தலோடு மாரியம்மன் திருவிழாவும் வந்தது. அந்த நேரம் பார்த்து, கடைமடைத் தெருவில் மாதாவுக்குக் கெபி, அதுதான் குகை மாதிரிச் சின்னக் கோயில், கட்டச் செங்கல் வந்தது. லாரி உள்ளே போக முடியவில்லை, சின்னப் பாலம் தாங்காது. கோயில் குளக்கரையில் செங்கலை இறக்கிவிட்டார்கள். கோயில்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்கவில்லை. திருவிழா முடிகிற வரைக்கும் எடுத்தார்களா? எடுக்கவில்லை. அது வருத்தம்தான். அதை நான் மூடி மறைக்க மாட்டேன்.

யாரோ ஒருவர் அந்தச் செங்கலைப் படம் எடுத்தார். படம் பொய் இல்லை. படத்துக்குக் கீழே எழுதினாரே, அது பொய். ‘அம்மன் குளத்தை வளைத்து மதில் எழுப்புகிறார்கள், இந்தக் கட்சியின் ஆட்சியில் இன்னும் என்னென்ன நடக்குமோ’ என்று எழுதினார். அது ஊரெல்லாம் சுற்றிச் சிங்கப்பூர் போய், அங்கிருந்து நெடுமாறன் கையால் நம் தண்ணீர்க் குழுவில் வந்து விழுந்தது. அவன் குரலை நான் கேட்டேன். “நாங்க இவ்வளவு தூரத்துல இருக்கோம், எங்களுக்கே தெரியுது. ஊருக்குள்ள இருக்கவங்கல்லாம் தூங்குறீங்களா?”

நியாயமான கேள்வி. ஊருக்குள் இருந்த நாம் என்ன செய்தோம்? குளம் எங்கே இருக்கிறது? இமயமலையிலா? தலைவர் வீட்டு மாடியில் நின்றால் தெரியும். எழுந்து போய் எட்டிப் பார்க்க ஒரு ஆள் இல்லை. மாடிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நம் தலைவர் அந்தச் செய்திக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். ஆமாம் ஐயா, காட்டினீர்கள். பேத்தியிடம் கேட்டு எந்தெந்தக் கட்டைவிரல் யாருடையது என்று தெரிந்துகொண்டேன். அந்தக் குளத்தில் அன்றாடம் துணி துவைக்கிற பெண்களுக்குத் தெரியும், அங்கே மதிலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை என்று. அவர்களை யார் கேட்டார்கள்?

கேட்டவர் ஒரே ஒருவர். இதோ இந்த வஹாப் தம்பி. “தம்பி, மதில யாரு பார்த்தது? போய்ப் பார்த்துட்டு வந்து பேசலாமே” என்று குரல் அனுப்பினார். குரலில் சூடு இல்லை, குத்தல் இல்லை. அதற்கு வந்த பதில் என்ன? “இதுல உங்களுக்கு என்ன பாய்? வண்டி ஓட்டுற வேலையப் பாருங்க.” அவர் குழுவை விட்டு விலகிக்கொண்டார். ஒழுங்காகக் கேட்டவர் போய்விட்டார். உரக்கக் கத்தினவர்கள் உள்ளே இருந்தார்கள். பெரியோர்களே, அந்தக் குழு கெட்டுப்போனது செங்கல்லால் அல்ல. அந்த நிமிஷத்தில்தான் கெட்டது.

பிறகு குவைத்திலிருந்து கிளாட்சன் வந்தான். அவனாவது செங்கல் கதையைச் சொல்லியிருக்கலாம். “எங்க ஆளுங்க கேட்காம இறக்கிட்டாங்க, எடுத்துடச் சொல்றேன்” என்று ஒரே ஒரு வார்த்தை. சொன்னானா? “உங்க திருவிழா லட்சணம் எங்களுக்குத் தெரியாதா? கரகம் தூக்கினவன்ல நிதானத்துல இருந்தவன் யாரு?” என்றான். அவ்வளவுதான். அதற்கு நெடுமாறன் கிளாட்சனுடைய கட்சியை இழுத்தான். அவன் இவனுடைய தலைவரை இழுத்தான். இவன் அவன் தாயை இழுத்தான். அவன் இவன் தாயை இழுத்தான். எந்தத் தாய் இவனுக்குப் பிள்ளைப் பிராயத்தில் சோறு போட்டாளோ, அந்தத் தாயை.

அந்த இரண்டு பேரையும் நான் பழிக்கவில்லை. நெடுமாறா, கிளாட்சா, கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் அல்லவா? இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். பட்டறையில் பற்றவைக்கிற தீப்பொறியில் பகலெல்லாம் நின்றுவிட்டு, அடுக்குக் கட்டிலில் ஏறிப் படுக்கிறவனுக்கு ஊர் எங்கே இருக்கிறது? அந்தக் கண்ணாடித் திரைக்குள் இருக்கிறது. தகப்பன் செத்ததற்கு வரமுடியாமல், அடக்கத்தைக் கைப்பேசியில் பார்த்து அழுதவனுக்கு ஊர் எங்கே இருக்கிறது? அதற்குள்ளேதான் இருக்கிறது. அங்கே ஒருவன் குளம் போச்சு என்றால், அவனுக்கு உயிர் போகிறது. அங்கே ஒருவன் உன்னை வெளியே போ என்றால், இவனுக்கு ஊரே போகிறது. நமக்குப் பக்கத்துத் தெரு இருக்கிறது, டீக்கடை இருக்கிறது. கோபம் வந்தால் நாலு பேர் கையைப் பிடிப்பார்கள். அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

அதனால் நெடுமாறன் என்ன செய்தான்? கிளாட்சனைக் குழுவிலிருந்து நீக்கினான். சூடு அடங்கவில்லை, பிரின்ஸியை நீக்கினான். அதுவும் போதவில்லை, கடைமடைத் தெருவில் யார் யார் பெயரில் மாதா கோயில் வாசம் அடித்ததோ, அத்தனை பேரையும் நீக்கினான். விரல் நுனி வேலை. சத்தம் கூட வராது.

அந்த வருஷம் வடகிழக்கு மழை நம்மை ஏமாற்றியது நினைவிருக்கிறதா? சம்பாப் பயிர் சூல் கட்டி, கதிர் தொண்டைக்குள் நிற்கிற நேரம். கடைசி முறைத் தண்ணீர் வந்தது. குழுவில் செய்தி போட்டோம். மேலமடை திறந்தது, நடுமடை திறந்தது, மதகு மூடியது. எல்லோர் வயலிலும் தண்ணீர் நின்றது. கடைமடையில் நிற்கவில்லை. அவர்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லையே.

கொஞ்ச நாள் கழித்துச் செபஸ்திக்கு உடம்பு சரியில்லை என்று பார்க்கப் போனேன். வரப்பில் ஏறினவள் அப்படியே நின்றுவிட்டேன். கதிர் எல்லாம் நிமிர்ந்து நிற்கிறது. நெல் பிடித்த கதிர் நிமிர்ந்து நிற்குமா? கையில் உருவினேன். பதர். ஊதினால் பறக்கிறது. பிரின்ஸி மாட்டுக்கு அறுத்துக்கொண்டிருந்தாள்.

“ஏண்டி, தண்ணி வந்துச்சே, வாமடையத் திறக்கலையா?”

“எப்ப வந்துச்சு பெரியம்மா?”

“குழுவுல போட்டாங்களேடி.”

“எந்தக் குழுவுல?”

அவ்வளவுதான் கேட்டாள். அழவில்லை, ஏசவில்லை. மறுபடி குனிந்து அறுக்க ஆரம்பித்தாள். தாய்மார்களே, நான் எத்தனையோ ஏச்சு வாங்கியிருக்கிறேன். ஏச்சுக்கு எதிர் ஏச்சு வைத்திருக்கிறேன். அந்த அரிவாள் சத்தம் என்னை வரப்பை விட்டு விரட்டியது.

அங்கிருந்து நேரே தலைவர் வீட்டு வாசலுக்குப் போனேன். எதற்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறீர்கள்? ஆமாம், போனேன். தலைவர் எழுந்து வந்தார்.

“என்ன கண்ணாத்தா, வராத ஆளு வந்திருக்கீங்க. உள்ள வாங்க.”

“உள்ள வரலீங்க. நின்னே சொல்லிட்டுப் போறேன். உங்க புள்ளைக்குப் போனப் போடுங்க, நான் ஒன்னு கேக்கணும்.”

போட்டார். அவன் எடுத்ததும் படபடவென்று ஆரம்பித்துவிட்டான். “அவங்கதான் ஆத்தா முதல்ல திட்டுனாங்க. கரகத்தப் பத்தி அவன் பேசினது தப்பா இல்லையா?”

“தப்புதாண்டா. நான் அதக் கேக்கல. நீ அவங்கள நீக்குனியே, அந்தக் குழுவுக்கு நீயே ஒரு பேரு வெச்ச. அது என்ன பேரு?”

அவனுக்குப் பின்னால் இரும்பு தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, “தண்ணீர்னு வெச்சேன் ஆத்தா” என்றான். “பயிர் போச்சா?” என்று கேட்டான். வயல்காரன் பிள்ளை, சொல்லாமலே புரிந்துகொண்டான். தலைவர் அப்போது முகத்தைத் துண்டால் துடைத்தார். நான் பார்த்தேன், பார்க்காதது போல வந்துவிட்டேன்.

அன்றைக்கே அத்தனை பேரையும் திரும்பச் சேர்த்தான். அத்தோடு சரியாகிவிட்டதா? பிரின்ஸி தானே விலகிக்கொண்டாள். மறுபடி சேர்த்தான், மறுபடி விலகினாள். போய்க் கேட்டேன். “கோவம் இல்ல பெரியம்மா. நெனச்சா சேர்ப்பாங்க, நெனச்சா நீக்குவாங்க. அந்த விரலுக்குக் கீழ உக்காந்து என்னால வெவசாயம் பண்ண முடியாது” என்றாள். அதன் பிறகுதான் மனைக்காரன் வந்தான்.

யாரது, பந்தல் கால் பக்கம் கை தூக்குவது? வைரக்கண்ணுவா? சொல்லப்பா. “சாமியும் பேசக்கூடாது, கட்சியும் பேசக்கூடாதுன்னு சட்டம் போட்டுட்டா முடிஞ்சுதுல்ல ஆத்தா?” என்று கேட்கிறார். நல்ல கேள்வி. கைதட்டலும் கேட்கிறது. தட்டின கைகளைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக் கேளுங்கள்.

கட்சி பேசக்கூடாது என்று அன்றைக்குச் சட்டம் போட்டிருந்தால், நான் இந்த மேடையில் நிற்பேனா? பண்ணைக் கூலியாக இருந்த என் மாமனார் வீட்டில் இன்றைக்குச் சொந்த வயல் இருக்குமா? பேசித்தானே வாங்கினோம். கொடி பிடித்துத்தானே வாங்கினோம். எல்லாம் வாங்கி முடித்தவர்களுக்கு மௌனம் சுகமாக இருக்கும். இன்னும் வாங்க வேண்டியவனுக்கு வாய் வேண்டும். சாமியைப் பேசாதே என்றால் மட்டும் நடக்குமா? நம்மூரில் விதை விடுவதும் சாமியைச் சொல்லி, வியாதி தீர்வதும் சாமியைச் சொல்லி. பேசாமல் இருக்கச் சொன்னால் வாயில் அடங்கியது வயிற்றில் புளிக்கும். ஆகவே வைரக்கண்ணு, பேச வேண்டும். பேசுகிற விதத்தில் பேச வேண்டும்.

நானும் செபஸ்தியும் நடவு வயலில் பேசாத பேச்சா? வேளாங்கண்ணி மாதா பெரியவளா, எங்கள் மாரியாயி பெரியவளா என்று ஒரு நாள் முழுக்க வாதம்.

“உங்க ஆத்தாவுக்குக் கோவம் வந்தா அம்மை போடுறா. எங்க மாதா அப்படியா?” என்பாள்.

“போட்டாலும் அவளே எறக்குறாடி. உங்க மாதா கடலுக்குப் பக்கத்துல உக்காந்து காத்து வாங்குறா” என்பேன்.

வரிசையில் நிற்கிற பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனால் எங்களுக்குள் ஒரு கட்டு இருந்தது. வாய் பேசலாம், கை நிற்கக்கூடாது. கோபத்தில் எவளுடைய நாற்று நெருங்கி விழுகிறதோ, எவளுடைய வரிசை கோணுகிறதோ, அவள் வாதத்தில் தோற்றவள். அடுத்த வரப்பு வரும்வரை அவள் வாயைத் திறக்கக்கூடாது. செபஸ்திக்குச் சூடு அதிகம். பலநாள் அவள்தான் தோற்பாள். வரப்பு ஏறினதும் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிப்பாள். இத்தனை வருஷத்தில் அவள் என் மாரியாயியை ஒப்புக்கொண்டதும் இல்லை, நான் அவள் மாதாவை விட்டுக்கொடுத்ததும் இல்லை. ஆனால் எங்கள் வாதத்தால் எந்த வயலும் கெடவில்லை. வேலையைக் கெடுக்காத வாதம், வேண்டுமட்டும் நடக்கட்டும். வேலையைக் கெடுக்கிற வாதத்தை அந்த இடத்தில் நிறுத்து. இதைக் குழுவில் செய்ய முடியாதா? சாமிக்கும் கட்சிக்கும் தனியாக ஒரு குழு வையுங்கள், நானும் வருகிறேன் சண்டைக்கு. தண்ணீர்க் குழுவில் தண்ணீர் ஓடட்டும்.

அது சுலபமான பாதி. கடினமான பாதி இனிமேல்தான்.

இப்போது திறந்தோமே இந்த மதகு, இதற்கு முன்னால் இருந்த பலகை மதகில் ஒரு வழக்கம் இருந்தது, வயதானவர்களுக்குத் தெரியும். மதகை அடைப்பதற்கு முன்னால், மதகில் நிற்கிறவர் குரல் கொடுக்க வேண்டும். “கடைமடை, எட்டியாச்சா?” மேலமடை அதை நடுமடைக்குக் கூவும், நடுமடை கடைமடைக்குக் கூவும். கடைமடையிலிருந்து, “எட்டியாச்சு, அடைக்கலாம்” என்று பதில் புறப்பட்டு, வயல் வயலாக ஏறி மதகுக்கு வந்து சேர வேண்டும். அது வரும்வரை பலகையில் கை வைக்கக்கூடாது.

கூலிப் போராட்டம் நடந்த வருஷம். நான் கல்யாணமாகி வந்த புதிது. நம் தலைவரின் தகப்பனார்தான் பெரிய மிராசுதார். இரக்கம் என்றால் என்ன விலை என்று கேட்கிறவர். கூலி கேட்டுப் போனால் கதவைச் சாத்துவார். அவர் மேல் எனக்குள்ள கோபம் வேறு, அது அப்படியே இருக்கிறது. அவர் செத்ததால் தீரவில்லை. நாங்கள் யாரும் வேலைக்குப் போகவில்லை. மதகுக்குக் கூட ஆள் இல்லை. பொழுது சாய்கிற நேரம், முறை முடிந்தது. அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மதகில் இறங்கினார். அவரே குரல் கொடுத்தார். “கடைமடை, எட்டியாச்சா?”

என் வீட்டுக்காரர் வரப்பில் நின்றார். போராட்டக்காரர். எதிரியின் குரலைக் கடத்தி விடலாமா? விட்டார். கடைமடையில் நின்றவர் செபஸ்தியின் மாமனார் சவரிமுத்து. அவருக்குக் கேட்டது. பதில் சொல்லவில்லை. நெஞ்சு நிறையக் கோபம். நிற்கட்டும் கிழவன், என்று வாயை இறுக்கிக்கொண்டார்.

அடுத்த ஊர்க்காரர்கள் மதகுக்கு வந்துவிட்டார்கள். “எங்க முறை ஓடுதுங்க, அடைங்க.” மிராசுதார் சொன்னார், “கடைமடை பதில் சொல்லல. பதில் வராம அடைக்கிற வழக்கம் இங்க கெடையாது.” இடுப்பளவுத் தண்ணீரில் அந்த மனிதர் நின்றார். மறுபடி மறுபடி கூவினார். தொண்டை கட்டிப்போனது. நின்றார்.

இங்கே சவரிமுத்துவின் பெண்சாதி வீட்டிலிருந்து வந்தாள். “கூலிக்குச் சண்டை போடுங்க, நானும் வர்றேன். தண்ணிக்குப் பதில் சொல்லுங்க. வாயை மூடிக்கிட்டு அடுத்த ஊரு மொறையக் கெடுக்குறது எந்தப் போராட்டத்துல சேத்தி?” என்றாள். அவர் பதில் கொடுத்தார். குரல் வயல் வயலாக ஏறிப் போனது. மதகு அடைபட்டது.

மறுநாள் என்ன ஆயிற்று? கட்டிப்பிடித்துக்கொண்டார்களா? இல்லை. விடிந்ததும் கூலிச் சண்டை விட்ட இடத்திலிருந்து நடந்தது. ஒரு சொல் குறையவில்லை, ஒரு கோஷம் குறையவில்லை. கேட்ட கூலியை வாங்கிக்கொண்டுதான் வயலில் இறங்கினோம். சண்டையும் தோற்கவில்லை, வழக்கமும் தோற்கவில்லை.

கதவைச் சாத்தத் தெரிந்த மனிதருக்கு, மடையைச் சாத்தும் முன் காத்திருக்கத் தெரிந்தது. அவர் பேரனுக்கு ஏன் தெரியவில்லை? அவன் கெட்டவன் என்பதாலா? இல்லை. அவன் கையில் இருக்கிற மதகுக்குப் பதில் தேவைப்படவில்லை. தொட்டால் அடைபடுகிறது. யார் வயல் காய்ந்தது என்று அது சொல்வதில்லை. இயந்திரத்துக்கு அந்த வழக்கம் தெரியாது, ஐயா. வழக்கத்தை நாம்தான் அதற்குள் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

ஒருவன் மேல் குற்றம் போட்டாயா? அவன் பதில் வரும்வரை காத்திரு. உன் மதத்துக்காரன் போட்ட பொய்யா? முதலில் நீ கேள், “யார் பார்த்தது?” என்று. உன் கட்சிக்காரன் ஏசினானா? எதிர்க்கட்சிக்காரன் அடக்குமுன் நீ அடக்கு. உன்னைக் கேட்டார்களா? கோபமாக இருந்தாலும் பதில் சொல். ஆம், பிரின்ஸி, இதை உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். காத்திருக்க வேண்டியது மதகுக்காரனின் கடமை. பதில் கொடுக்க வேண்டியது கடைமடையின் கடமை. உன்னைக் கேளாமல் அடைத்தவன் செய்தது அநியாயம். அதற்காக நீ ஊமையாகி, வயலை மனைக்கல்லுக்கும் அளவுக் கயிற்றுக்கும் கொடுத்துவிட்டுப் போனால், அடுத்த முறை யாரைப் பார்த்து நாங்கள் கேட்போம்? கடைமடை இல்லாத வாய்க்காலுக்குக் காத்திருக்கும் அடக்கம் எங்கிருந்து வரும்?

தலைவர் அவர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன்; நேராக உங்கள் முகத்தைப் பார்த்தே கேட்கிறேன். அந்தக் குழுவின் அட்மின் பொறுப்பு மேலமடையில் இருந்தது போதும். தண்ணீர் யாருக்குக் கடைசியில் போகிறதோ, அவர்கள் கையில் கொடுங்கள். சேர்க்கும் விரலும் நீக்கும் விரலும் கடைமடையின் விரலாக இருக்கட்டும். உங்கள் மகன் சம்மதிப்பானா?

கைப்பேசியை நீட்டுகிறார். நெடுமாறன் எழுதியிருக்கிறானாம். நீங்களே வாசியுங்கள் ஐயா, என் கண்ணுக்கு எட்டாது. “பிரின்ஸி அக்கா பேரப் போட்டுட்டேன். நான் வெறும் உறுப்பினர்தான்.” கேட்டீர்களா? தட்டுங்கள் கையை, இப்போது தட்டலாம்.

பிரின்ஸி, உன் பதிலைத்தான் ஊர் கேட்கிறது. முன்னால் வா. வரமாட்டாயா? சரி, அங்கிருந்தே சொல். தம்பி, அந்த மைக்கைக் கொண்டுபோய்க் கொடு.

“நான் எடுத்துக்கிறேன் பெரியம்மா. ஆனா மொதல்ல நானே பேசுவேன். செங்கல்ல கேக்காம எறக்குனது எங்க தெருவோட தப்பு. கரகத்தப் பத்தி எங்க வீட்டுக்காரர் பேசினதுக்கு அவரு வந்து பதில் சொல்லணும். மதிலுன்னு வந்ததப் பாக்காம அனுப்பினதுக்கு நெடுமாறன் தம்பி பதில் சொல்லணும். வஹாப் அண்ணனத் திரும்பக் கூப்பிடுவேன். பதில் சொல்ற வரைக்கும் யாரையும் நீக்கவும் மாட்டேன், யாரையும் விடவும் மாட்டேன்.”

வயலை விற்கிற பத்திரம் என்ன ஆச்சு, பிரின்ஸி?

“இந்தச் சம்பா போகட்டும். அறுத்துட்டுச் சொல்றேன்.”

கேட்டீர்களா பெரியோர்களே? விற்கமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நமக்கு ஒரு போகம் தவணை கொடுத்திருக்கிறாள். நாற்றங்காலில் விதை விழுகிற நாளிலிருந்து களத்தில் நெல் குவிகிற நாள் வரை, கோபம் வரும்போதெல்லாம் விரலைக் கொஞ்சம் நிறுத்தி, எதிராளியின் பதிலுக்குக் காது கொடுக்க நமக்குத் தெரிகிறதா என்று அவள் பார்ப்பாள். பார்க்கட்டும். பார்க்க அவளுக்கு உரிமை இருக்கிறது.

பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கும், நடுவில் சிரித்துச் சோர்வு போக்கிய தாய்மார்களுக்கும், கடல் தாண்டிக் கண் விழித்திருக்கும் பிள்ளைகளுக்கும் என் நன்றி. நான் சொன்னதை ஒத்துக்கொண்டவர்கள் போய்ச் சாப்பிடுங்கள், பந்தி போட்டாயிற்று. ஒத்துக்கொள்ளாதவர்கள் நாளைக் காலையில் என் வீட்டுக்கு வாருங்கள். காப்பி போட்டு வைக்கிறேன், உட்கார்ந்து சண்டை போடுவோம். எல்லோருக்கும் என் வணக்கம்.